அஷ்டமியில் மட்டும் பூட்டாத ஐடி

அத்தியாயம் 14

காலை பதினொன்று பன்னிரண்டுக்குப் பிரியதர்ஷினியின் ஐடி மறுபடியும் பூட்டிக்கொண்டது.

டிசம்பர் எட்டாம் தேதி தொடங்கி இது நூற்றுப் பதினாறாவது முறை. சர்வரில் பதிவான எண்ணிக்கை இது. அவள் பல்லைக் கடித்த எண்ணிக்கை தனி.

எட்டாம் தேதி என்ன நடந்தது என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். விழுப்புரத்தில் அந்த விதைக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில், எல்லோரும் பாஸ்வேர்டை மாற்றியாக வேண்டும் என்று உத்தரவு வந்தது. எல்லோரும் மாற்றினார்கள். எல்லோருக்கும் ஒழுங்காக ஓடியது. பிரியாவுக்கு மட்டும் ஏழரை ஆரம்பித்தது. யாரோ எங்கிருந்தோ அவள் பெயரில் தப்பான பாஸ்வேர்டைப் போடுகிறார்கள். ஐந்து தப்பு ஆனதும் கம்ப்யூட்டர் அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறது. அரை மணி கழித்துத் தானாகத் திறக்கிறது. அப்பாடா என்று அவள் உள்ளே போய் இரண்டு வேலை பார்ப்பதற்குள் மறுபடி சாத்துகிறது.

அவள் வேலை தர ஆய்வு. விதையின் முளைப்பைப் பார்த்து அவள் கம்ப்யூட்டரில் ஓகே கொடுத்தால்தான் மூட்டை குடோனை விட்டு நகரும். இன்று திண்டிவனம் குடோன் வாசலில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை விதை ஏற்றிய மூன்று லாரிகள் நிற்கின்றன. நாளை ஜனவரி முதல் தேதி, லீவு. மயிலத்திலும் கிளியனூரிலும் ஏர் ஓட்டிப் போட்ட நிலத்தை வைத்துக்கொண்டு ஜனங்கள் போன் மேல் போன் போடுகிறார்கள்.

"இன்னாம்மா, மறுபடியுமா?" என்றார் ஜெனரல் மேனேஜர் வெங்கடாசலம், கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு.

"ஆமா சார்."

"உள்ள வா."

மேஜையில் டைப் அடித்த ஒரு காகிதம் தயாராக இருந்தது. சிஸ்டம் அட்மின் மணிமாறன் தனிப்பட்ட பகையால் என் ஐடியை வேண்டுமென்றே முடக்குகிறார் என்று பிரியா சொல்வதாக எழுதியிருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"இது மிஷின் பண்ற வேலை இல்லம்மா. ஆளு பண்ற வேலை. உன் குடும்ப விவகாரம் எனக்குத் தெரியாதா? உன் மாமனாரும் நானும் ஒரே பெஞ்சு. அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடு, நாளையிலேருந்து அவன் வர வேணாம். அவன் இல்லன்னா வேற யாருன்னு ஆதாரத்தோட எழுதிக் குடு. அது வரைக்கும் உன் ஐடியில எந்த லாரிக்கும் ஓகே போடாத. ரெண்டும் இல்லன்னா, ஓகே குடுக்கிற வேலைய உனக்குக் கீழ இருக்கிற தென்னரசுக்கு மாத்திட்டுப் போய்க்கினே இருப்பேன்."

பிரியா காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். உண்மையைச் சொன்னால், பத்து நாளாக அவளுக்கும் அந்தச் சந்தேகம்தான்.

குடும்ப விவகாரம் இதுதான். பிரியாவின் நாத்தனார் பிராமி ஐந்து வருஷத்துக்கு முன் இந்த மணிமாறனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனாள். அவன் மேல்மலையனூர் பக்கத்து விவசாயக் குடும்பம். பிராமியின் அப்பா நேமிசந்திரன் திண்டிவனத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கும் நயினார், தமிழ்ச் சமணர். அவர் கத்தவில்லை, அழவில்லை. நேராக ஜினாலயத்துக்குப் போய் ஒரு விரதம் எடுத்துக்கொண்டு வந்தார். அந்த வீட்டோடு வாய் திறந்து பேசுகிறவர் யாராக இருந்தாலும், அவர் கையால் சாப்பிடுவதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் பிரியா இந்த வேலையில் சேர்ந்த பிறகுதான் சிஸ்டம் அட்மின் யார் என்று தெரிந்தது. வேலையை விடச் சொல்லவில்லை மாமனார். வாய்ப்பேச்சு மட்டும் கூடாது என்றார். அன்று முதல் ஐந்து மீட்டர் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளிடம் பிரியா கம்ப்யூட்டர் வழியாகப் புகார் டிக்கெட் போட்டுத்தான் பேசுகிறாள். அவனும் டிக்கெட்டிலேயே பதில் எழுதுகிறான். இப்படி ஒரு கூத்தை விழுப்புரம் ஜில்லாவில் வேறு எந்த ஆபீசிலும் பார்க்க முடியாது.

இந்த இருபத்து மூன்று நாளில் மணிமாறன் அவளுக்குக் கீபோர்டை மாற்றினான். கம்ப்யூட்டரையே மாற்றினான். விண்டோசை அழித்துத் திரும்பப் போட்டான். பைக்கில் திண்டிவனம் குடோனுக்குப் போய் அங்கிருந்த மிஷினைத் துடைத்துவிட்டு வந்தான். பாஸ்வேர்டை மூன்று முறை மாற்றச் சொன்னான். தென்னரசு தன் பங்குக்கு மானிட்டரில் எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னான். ஒன்றும் பலிக்கவில்லை. தட்டுகிறவன் மெயில் சர்வர் வழியாக வருகிறான் என்பது வரை தெரிந்தது. அதற்குள்ளே பார்க்க வேண்டுமானால் சென்னையில் இருக்கும் மெயில் கம்பெனிக்காரன் தயவு வேண்டும். அவன் எட்டு நாளாக, பார்த்துக்கொண்டிருக்கிறோம் சார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பிரியா நூற்றுப் பதினாறாவது டிக்கெட்டைப் போட்டாள். பதில் வரவில்லை. ஆளே வந்து நின்றான்.

"மேடம், கொஞ்சம் பேசணும்."

பிரியா அக்கம்பக்கம் பார்த்தாள். "டிக்கெட்ல எழுதுங்க சார்."

"எழுதி எழுதித்தான் இங்க வந்து நிக்குது. அந்த லெட்டர் என் பிரிண்டர்லதான் மேடம் வந்துச்சு. நான்தான் எடுத்துக்கினு போய் ஜிஎம் மேஜையில வச்சேன்."

பிரியாவுக்கு முகம் சூடானது. நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள். நெற்றியில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. மூன்று லாரி வாசலில் நிற்கும்போது விரதமாவது ஒன்றாவது.

"உக்காருங்க. சொல்லுங்க."

மணிமாறன் ஒரு தாளை விரித்தான். ஐடி பூட்டிய நேரமெல்லாம் நாள்வாரியாக இருந்தது.

"காலையில பதினொண்ணுலேருந்து ஒண்ணே கால் வரைக்கும். சாயங்காலம் நாலேகாலுலேருந்து அஞ்சரை. தெனம் இதே நேரம். ஞாயித்துக்கிழமை நீங்களும் இல்ல, நானும் இல்ல, அன்னிக்கும் பூட்டியிருக்கு. ஆனா மூணு நாள் சுத்தமா இல்ல பாருங்க. பன்னெண்டு, பதினெட்டு, இருபத்தெட்டு."

"அன்னிக்கி கரண்ட் இல்லியா?"

"அதெல்லாம் பாத்தாச்சு. ஒண்ணும் பொருந்தல. இன்னிக்கிக் காலையில டிபன் கட்டும்போதுதான் காலண்டரப் பாத்தேன். பிராமி அதுல பச்ச மையில வட்டம் போட்டு வச்சிருப்பா. அந்த நாள்ல எங்க வீட்ல பச்சக் காய் கெடையாது. பருப்பும் அப்பளமும்தான். அஞ்சு வருஷமா சாப்பிட்டுக்கினு வர்றேன், இன்னிக்குத்தான் எனக்கு ஒறைச்சுது."

பிரியா தேதிகளை மறுபடி பார்த்தாள். அவள் வீட்டிலும் அந்த மூன்று நாளும் பருப்பும் அப்பளமும்தான்.

"அஷ்டமி. சதுர்த்தசி. அப்புறம் அஷ்டமி" என்றாள் மெதுவாக.

"உங்க பேர்ல கதவத் தட்டுறது அஷ்டமிக்கு நோன்பு இருக்கிற ஆளு மேடம். எங்க ஜனத்துல அப்படி ஒருத்தரும் இல்ல."

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னான். பிரியாவுக்கு அது இன்னும் உறுத்தியது.

"மனுஷன் ஒக்காந்து பாஸ்வேர்டு போடணும்னு இல்ல. ஏதாவது போன்ல உங்க ஆபீஸ் மெயில் பழைய பாஸ்வேர்டோட இருந்தா போதும். ஆன் பண்ண ஒடனே அது மெயில் வந்துச்சா, மெயில் வந்துச்சான்னு தட்டிக்கினே இருக்கும். மெயில் இருக்கிற போன் எத்தினின்னு டிக்கெட்ல கேட்டிருந்தேன். ஒண்ணுன்னு பதில் போட்டீங்க."

"ஒண்ணுதான். பழசு கீழ விழுந்து மூலை ஒடைஞ்சு போச்சு. அது வீட்ல பீரோவுல கெடக்கு."

மணிமாறன் கண்ணை மூடித் திறந்தான். "பழசுன்னு ஒண்ணு இருந்திச்சின்னு எழுதலியே."

எழுதவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் எழுதினாள். வாயால் பேசியிருந்தால் அன்றைக்கே அந்தப் பேச்சு வந்திருக்கும். இருபத்து மூன்று நாள் வெட்டியாகப் போயிருக்காது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பிரியா கணவனுக்குப் போன் போட்டாள்.

ஜிதேந்திரன் கடையில் இருந்தான்.

"என்னாங்க, என் பழைய போன் எங்க?"

"பீரோவுல இருக்கும்."

"பீரோவுல இருந்துக்கினே அது எப்படிங்க விழுப்புரத்துல என் சோத்துல மண்ணப் போடுது?"

எதிர்முனையில் பாத்திரங்கள் இடிபடும் சத்தம். பிறகு அவன் குரல் தாழ்ந்தது. "இரு, வெளிய வர்றேன். அப்பா பக்கத்துல இருக்காரு."

வெளியே வந்து எல்லாவற்றையும் கொட்டினான். ஒன்றரை வருஷமாக அந்தப் போன் அவன் அம்மா சாந்தாமணியிடம் இருக்கிறது. சிம் வாங்கிப் போட்டுக் கொடுத்தது அவன்தான். அப்பா கடைக்குக் கிளம்பியதும் ஆன் செய்வாள். பிராமியிடம் பேசுவாள். பேசி முடித்ததும் மகள் அனுப்பிய போட்டோக்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்பா வரும் நேரத்துக்கு அணைத்து அரிசிப் பானைக்குள் வைத்துவிடுவாள். அஷ்டமியும் சதுர்த்தசியும் மௌனம், அதனால் தொடமாட்டாள்.

"ஏன் என்னாண்ட சொல்லல?"

"சொன்னா நீயும் அப்பாவுக்கு மறைக்கணும். எதுக்கு உனக்கும் பேஜாருன்னு..."

"இப்ப மட்டும் எனக்கு பேஜாரு இல்லியா?" என்று கேட்டு, ஜிஎம் வைத்த ஐந்து மணிக் கெடுவையும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

மணிமாறன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். "பதினொரு மணிக்கு அவளுக்குப் போட்டா எப்பவும் பிஸின்னு வரும். நானா யாருன்னு கேட்டதில்ல" என்றான்.

"இப்ப என்ன பண்றது அண்ணா?"

அந்த அண்ணா அவள் வாயில் தானாக வந்தது. அவனும் கவனித்தான், காட்டிக்கொள்ளவில்லை.

"போன்லேருந்து மெயில எடுத்துட்டா பூட்டறது நின்னுடும்மா. ரெண்டு நிமிஷ வேலை. ஆனா ஜிஎம் கேக்கிறது ஆளு பேரு. இன்னா எழுதப் போறே?"

பிரியா ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தாள். மாமியார் பெயரை எழுதினால் வெங்கடாசலம் அடுத்த நிமிஷம் பால்ய சிநேகிதனுக்குப் போன் போடுவார். ஒன்றரை வருஷமாக விரதம் உடைந்த சோற்றைத்தான் சாப்பிட்டோம் என்று அந்த மனிதருக்குத் தெரிந்துவிடும். எழுதாமல் விட்டால் மணிமாறன் மேல் விழுந்த பழி அப்படியே நிற்கும். மதியச் சாப்பாட்டை அவள் திறக்கவே இல்லை. தென்னரசு இரண்டு முறை வந்து, மேடம், எனக்கு எப்ப மாத்துறீங்க என்று கேட்டுவிட்டுப் போனான். அவனை என்ன செய்தால் தகும்.

திண்டிவனத்திலோ, பிரியா போனை வைத்ததுமே அப்பாவைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டு, ஜிதேந்திரன் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே வீட்டுக்கு ஓடி வந்திருந்தான்.

சாந்தாமணி புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகன் சொன்னதில் பாதி அவளுக்குப் புரியவில்லை. போன் எப்படித் தானாகக் கதவைத் தட்டும் என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு விட்டுவிட்டாள்.

"பிரியாவுக்கு இன்னா ஆவும்?"

"ஓகே குடுக்கிற பொறுப்பு போயிடும். இல்லன்னா அந்த ஆளுக்கு வேலை போயிடும்."

"எந்த ஆளு?"

"அதாம்மா, அந்த ஆளு."

"பேரு இல்லியா அவருக்கு?"

ஜிதேந்திரன் சுவரைப் பார்த்தான்.

"அந்த மெயிலோ கியிலோ, அத எடுத்துடலாம். நான் போன் பண்ணிக் கேக்கறேன், அந்த ஆளு சொல்ற மாதிரி..." என்று ஆரம்பித்தவன், அந்த ஆளிடம் தானே பேச வேண்டியிருக்கும் என்று உறைத்ததும் நிறுத்தினான். "பேசாம ஒரு மாசம் போன அணைச்சு வச்சிடும்மா. அப்பாவுக்கும் தெரியாது, ஆபீஸ்லயும் அடங்கிடும்."

"அடங்காதுடா. யாரு பண்ணாங்கன்னு கேக்கிறாங்க இல்ல? நான் போன அணைச்சிட்டு ஒக்காந்தா, பண்ணது மாப்பிள்ளன்னு ஆயிடும்."

அவள் காயை முடித்தாள். மதியச் சாப்பாட்டைக் கணவனுக்கு வழக்கம்போலப் பரிமாறினாள். மூன்று மணிக்குள் சாயங்காலச் சமையலையும் முடித்து மூடி வைத்தாள். நேமிசந்திரன் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும், அதில் ஒரு நாளும் தவறியதில்லை. பிறகு, சாப்பிட்டுக் கண்ணயர்ந்திருந்த கணவனை எழுப்பாமல் புடவை மாற்றிக்கொண்டு, போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு அவள் இதுவரை தனியாகப் போனதில்லை. கண்டக்டரிடம் விழுப்புரம் வந்தால் சொல்லுங்கள் என்று மூன்று முறை சொன்னாள். கடைசி ஸ்டாப்பே விழுப்புரம்தாம்மா என்று அவர் சலித்துக்கொண்டார்.

நாலு நாற்பதுக்கு ஆபீஸ் வாசலில் மாமியாரைப் பார்த்ததும் பிரியா எழுந்து நின்றுவிட்டாள்.

"அத்த, நீங்க எப்படி வந்தீங்க?"

"பஸ்லதான். எங்க உங்க மேனேஜரு?"

வெங்கடாசலம் தடுமாறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். "வாங்கம்மா. நேமி வந்திருக்கானா?"

"இல்லிங்க. நான் மட்டும்தான்." சாந்தாமணி பையிலிருந்து போனை எடுத்து மேஜையில் வைத்தாள். மூலை உடைந்த கறுப்புப் போன். "நீங்க தேடுற ஆளு இதான். வச்சிருந்தது நான்."

மணிமாறன் தன் லேப்டாப்போடு உள்ளே வந்தான். ஐந்து வருஷமாக மருமகனாக இருப்பவனைச் சாந்தாமணி முதல்முறையாக நேரில் பார்த்தாள். போட்டோவில் தாடி இல்லை. அவன் கும்பிட்டான். அவளும் கும்பிட்டாள். வேறு எதுவும் பேசிக்கொள்ள அங்கே நேரமும் இல்லை, இடமும் சரியில்லை.

"ஆன் பண்ணுங்க அத்த" என்றான்.

அவள் ஆன் செய்தாள். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. வெங்கடாசலம் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு லேப்டாப் திரையில் ஒரு சிவப்பு வரி வந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. ஐந்தாவது வரி வந்ததும் பிரியாவின் ஐடி எல்லோர் கண்ணெதிரிலும் பூட்டிக்கொண்டது.

"இதான் சார் நூத்திப் பதினேழு" என்றாள் பிரியா. அழுகையும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

மணிமாறன் போனிலிருந்து மெயிலை எடுத்தான். ஐடியைத் திறந்துவிட்டான். பத்து நிமிஷம் நான்கு பேரும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். போன் ஆனில்தான் இருந்தது. சிவப்பு வரி வரவில்லை. பிரியா தன் இடத்துக்கு ஓடி மூன்று லாரிக்கும் ஓகே கொடுத்தாள். திண்டிவனம் குடோனில் முதல் லாரி நகர்ந்துவிட்டதாகப் போன் வந்தது.

அவள் திரும்பி வந்தபோது சாந்தாமணி வெள்ளைத் தாளில் எழுதி முடித்திருந்தாள். இந்தப் போனை வைத்திருந்தவள் நான். மருமகளுக்குத் தெரியாது. மாப்பிள்ளை மணிமாறன் மேல் ஒரு குற்றமும் இல்லை. கீழே முழுப்பெயரில் கையெழுத்து.

வெங்கடாசலம் அதைப் படித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "அம்மா, இத நேமிகிட்ட நான்..."

"நீங்க சொல்லாம இருக்க மாட்டீங்க. அதான் நானே வந்தேன்."

அவர் அந்த டைப் அடித்த காகிதத்தைப் பிரியாவிடம் திருப்பிக் கேட்டார். அவள் ஏற்கெனவே கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டிருந்தாள். ஒரு நாள் முன்னால் நீட்டியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்ற நினைப்பு அவளை வெட்கப்பட வைத்தது.

மணி ஐந்து இருபது. மேஜை மேலிருந்த அந்தப் போன் அடித்தது.

திரையில் 'கடை' என்று வந்தது. அந்த எண் ஒன்றரை வருஷமாக மகனுக்கும் மகளுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. ஜிதேந்திரனால் மாலை வரைகூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை என்று பிரியாவுக்குப் புரிந்தது.

சாந்தாமணி எடுத்தாள்.

"சொல்லுங்க... ஆமா, விழுப்புரத்துலதான்... ஆமாங்க, பேசிக்கினுதான் இருந்தேன். ஒன்றர வருஷமா, தெனம். நீங்க சாப்பிட்டதெல்லாம் பேசின கையால செஞ்ச சோறுதான்."

வெங்கடாசலம் எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

"இன்னிக்கும் செஞ்சு மூடி வச்சிட்டுத்தான் வந்திருக்கேன். பொழுது சாயப் போவுது. சாப்பிடுறதும் சாப்பிடாததும் உங்க இஷ்டம். ஆனா எனக்கு மறைச்சு மறைச்சு அலுத்துப் போச்சுங்க."

எதிர்முனையில் ஏதோ ஒரு வாக்கியம் கேட்டது. சாந்தாமணியின் முகம் மாறியது. அவள் போனை மேஜைக்கு மேலாக நீட்டினாள்.

"மாப்பிள்ள, உங்களாண்ட பேசணும்ங்கிறாரு."

மணிமாறன் உள்ளங்கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினான். "சொல்லுங்க மாமா."

அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது, தாழ்ந்தது, மறுபடி உயர்ந்தது. என்ன கேட்கிறார் என்று யாருக்கும் காதில் விழவில்லை. மணிமாறன் குறுக்கே பேசாமல் கேட்டான். ஒரு முறை சாந்தாமணியைப் பார்த்தான், ஒரு முறை பிரியாவை. கடைசியில் குரலை உயர்த்தாமல் சொன்னான்.

"வீட்டுக்கு வர்றத நான் முடிவு பண்ண முடியாதுங்க மாமா. பிராமியத்தான் கேக்கணும். நம்பர் தர்றேன், நீங்களே கேளுங்க."